சூரிச்சா, சிங்கப்பூரா, பாரிமுனையா? ஒரு ஆர்பிட்ரேஷன் ஷரத்தோடு மல்லுக்கட்டிய கதை

ஒருவழியாக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. விலை, டெலிவரி, வாரண்டி எல்லாம் மெயிலிலேயே முடிந்தன. உயிரை வாங்கியது கடைசிப் பக்கத்து ஆர்பிட்ரேஷன் ஷரத்துதான்: தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

மண்ணடியில் ஹைட்ராலிக் பம்ப், வால்வு வியாபாரம் எங்களுக்கு. சரக்கு ஜெர்மனியிலிருந்து வருகிறது. அவர்கள் அனுப்பிய டிராஃப்டில் வென்யூ, அதாவது விசாரணை நடக்கும் இடம், சூரிச்; ஆர்பிட்ரேட்டர்கள் (நடுவர்கள்) மூவர். கூட்டாளி மச்சான், "சண்டை வந்தாப் பாத்துக்கலாம், போட்டுக் குடு" என்றான். ஒரு கன்டெய்னர் தகராறுக்கு அங்கே மூன்று பேருக்கு ஃபீஸ் கட்டுவதென்றால் கடையை எழுதி வைக்க வேண்டியதுதான்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவரைப் பார்க்க முதலில் குமாஸ்தாவைத் தாண்ட வேண்டும். "சார் கோர்ட்ல இருக்கார், லஞ்சுக்கு அப்புறம் வாங்க." அப்புறம் போனால், "இப்பத்தான் கிளம்பினார்." கடைசியில் கைக்கு வந்த ஷரத்தில் விசாரணை சென்னையில், கோர்ட் அதிகாரம் சிங்கப்பூருக்கு, சட்டம் இங்கிலாந்துடையது. எங்கெங்கோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஃபீஸ் வாங்குவதில் மட்டும் குழப்பமே இல்லை.

அதே தெருவில் இன்னொரு வக்கீல் மேடம்தான் புரிய வைத்தார். உட்கார்ந்து விசாரிக்கும் இடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதென்றால் சீட், அதாவது ஆர்பிட்ரேஷனின் சட்டபூர்வ இருப்பிடம், எந்த நாடோ அந்த நாட்டுக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வென்யூ என்று மட்டும் எழுதி, மாறான குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் அதையே சீட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2019இல் பிஜிஎஸ் சோமா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள் என்றார்.

சென்னையை சீட்டாகக் கேட்டோம். உயர் நீதிமன்றம் கடையிலிருந்து நடக்கிற தூரம். அவர்கள் மசியவில்லை. பதிலுக்கு வேறொரு நாட்டைச் சொன்னார்கள். இங்கே உஷார். ஒரு நாட்டு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை இன்னொரு நாட்டில் அமல்படுத்த வழிசெய்யும் நியூயார்க் ஒப்பந்தத்தில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஆனால் நம் மத்திய அரசு அரசிதழில் அறிவித்தவை அதில் பாதிகூட இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டுத் தீர்ப்பை வைத்துக்கொண்டு, எண்ணூர்ப் பக்கம் குடோனில் கிடக்கும் அவர்களுடைய சரக்கின்மேல் எப்படிக் கைவைப்பது? சிங்கப்பூர் பட்டியலில் இருக்கிறது. சரி, சீட் சிங்கப்பூர், எஸ்ஐஏசி (சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையம்) விதிகள், ஒரே ஆர்பிட்ரேட்டர், மொழி ஆங்கிலம், விசாரணை சென்னையில் அல்லது வீடியோவில் என்று இறங்கி வந்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தால், திருத்திய டிராஃப்டின் வாலில் ஒரு புது வரி: இந்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் முதல் பகுதி முழுவதும் பொருந்தாது. சீட் வெளிநாட்டில் இருந்தாலும், அவசரத்துக்கு அந்த முதல் பகுதியில் உள்ள 9ஆம் பிரிவில் இங்கே தடை உத்தரவு கேட்கலாம் என்று 2015 திருத்தம் வழிவிட்டிருக்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால்தான் கதவு மூடும். மேடம் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். அவர்களும் முணுமுணுக்காமல் எடுத்துவிட்டார்கள். எனக்கு இதில்தான் பெரிய திருப்தி.

இன்னொன்று. ஆர்டரை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் அனுப்பும் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எங்களுக்கு வந்ததில் பொடி எழுத்தில் மறுபடி சூரிச். இரண்டும் முரண்பட்டால் முதன்மை ஒப்பந்தமே செல்லும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, அதற்கும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் முன்பணம் அனுப்பினோம்.