டின் பூச்சியும் தவளையின் கண்ணும்

செல்லப்பிராணிக் கடைகளில் சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, மாவுப்புழு, நத்தை ஆகியவை டின்னில் அடைத்து விற்கப்படுவதைக் காணும்போது, தவளை வளர்ப்பவர்களுக்கு முதலில் நிம்மதிதான் பிறக்கும். உயிருள்ள சுவர்க்கோழிகளுக்குத் தீனி போட்டு, இரவெல்லாம் அவற்றின் இரைச்சலைப் பொறுத்து, தப்பியோடியவற்றை அலமாரிக்கடியில் தேடும் வேலை இதில் இல்லை. டின்னிலேயே வேகவைக்கப்படுவதால் பூச்சிகள் ஈரம் குறையாமல் மென்மையாக இருக்கும்; அவ்வகையில் உலர்த்திய பூச்சிகளைவிட இவை மேலானவை. சிக்கல் தொடங்குவது தவளையின் கண்ணில்.

லெட்வின், மாட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வரும் 1959-இல் வெளியிட்ட ஆய்வு, சிறிய, இருண்ட, நகரும் பொருள்களைக் கண்டால் தூண்டப்படும் நரம்பிழைகள் தவளையின் விழித்திரையிலிருந்தே புறப்படுவதைக் காட்டியது. அசையாத இரை சுற்றிலும் கிடந்தாலும் தவளை பட்டினியால் சாகும் என்றும் அவர்கள் குறிப்பிட்டார்கள். ஆகவே, தட்டில் கிடக்கும் டின் பூச்சி பெரும்பாலான தவளைகளுக்கு வெறும் கூழாங்கல்தான். அதை இடுக்கியால் பிடித்து அசைத்துக் காட்ட வேண்டும். எப்படி அசைப்பது என்பதற்கும் ஜெர்மானிய விலங்கியலாளர் யோர்க்-பீட்டர் ஏவெர்ட்டின் தேரைச் சோதனைகள் வழிகாட்டுகின்றன: நீண்ட பட்டை ஒன்று தன் நீளவாக்கிலேயே நகர்ந்தால் தேரை அதைப் புழுவாகக் கருதித் தாக்கும், அதே பட்டையை நிமிர்த்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் பெரும்பாலும் பொருட்படுத்தாது. எனவே வெட்டுக்கிளியைத் தொங்கவிட்டு ஆட்டாமல், படுக்கவைத்த நிலையில் மெல்ல இழுப்பதே என் வழக்கம். இடுக்கியின் முனை மழுங்கலாக இருப்பது நல்லது, ஏனெனில் பாயும் தவளை பூச்சியோடு இடுக்கியையும் சேர்த்தே கவ்வும்.

எங்கள் வீட்டு ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை இதற்கு எளிதில் பழகிவிட்டது. அதன் பெருந்தீனிக்குணம் ஊரறிந்தது என்பதால் இதில் என் திறமை என்று எதுவுமில்லை.

சத்தைப் பொறுத்தவரை, உயிருள்ள பூச்சிக்கு முந்தைய நாள் கீரையும் காரட்டும் கொடுத்து அதன் குடலை நிரப்பி, அதன் வழியே தவளைக்கு ஊட்டம் சேர்க்கலாம். டின் பூச்சியில் அதற்கு வழியில்லை. மேலும், சுவர்க்கோழியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாவிட்டால் தவளையின் எலும்பு வலுவிழந்து தாடை வளையும். கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த பொடியைத் தூவுவது உயிருள்ள பூச்சிக்கும் டின் பூச்சிக்கும் பொதுவான விதி. இதில் டின் பூச்சிக்கு ஒரு சிறு வசதி உண்டு: உயிருள்ள சுவர்க்கோழி தன்னைத் துப்புரவு செய்து பொடியை உதறிவிடும், டின்னில் வந்தது அப்படியே கிடக்கும். மிகுந்த ஈரத்தைத் தாளில் ஒற்றிவிட்டுத் தூவினால் பொடி கட்டிபடாது. திறந்த டின்னில் மிஞ்சுவதைப் பகுதி பகுதியாகப் பிரித்து உறையவைக்கலாம். தொட்டியில் விழுந்த மிச்சத்தை அன்றே அகற்றிவிட வேண்டும். அந்த ஈரத்திலும் வெப்பத்திலும் அது விரைவில் அழுகும்.

நீரிலேயே வாழும் இனங்களுக்கு இந்த வித்தைகள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. நாக்கே இல்லாத ஆப்பிரிக்க நகத் தவளை, மோப்பத்தால் உணவைக் கண்டு முன்கால்களால் வாய்க்குள் தள்ளும். மெக்சிகோவின் ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் சாலமாண்டர் வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சிக்கொள்ளும். மாறாக, விரல்நுனியளவே உள்ள அம்புநஞ்சுத் தவளைகளுக்கு எந்த டின்னும் உதவாது. அவற்றை வளர்ப்பவர்கள் பழ ஈக்களைப் புட்டிகளில் பெருக்கித்தான் ஆக வேண்டும்.