1,800-தானுங்க மேடம் லிமிட்டு

மாதம் 20,000 கட்டிக்கொண்டிருந்த ஏலச்சீட்டு 2023 பிப்ரவரியில் முடிந்தது. கையில் நின்றால் அந்த இருபதாயிரம் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமனார் இரண்டு கறவை மாடு பிடிக்கலாம் என்றார். வீட்டுக்காரர் இன்னொரு சீட்டில் சேரச் சொன்னார். நான் பி.எஃப்.-இல் போடுகிறேன் என்றேன். பேங்க் டெபாசிட்டைவிட வட்டி கூடுதல், அப்போதைய விதிப்படி நினைத்த நேரத்தில் எடுக்கவும் முடியாது.

"கைக்கு வராத காசு என்ன காசு கண்ணு?" என்றார் மாமனார்.

"கைக்கு வரக்கூடாதுன்னுதானுங்க மாமா அங்க போடறேன்."

இதைச் செய்து முடிக்க ஏழு மாதம் ஆனது. செய்த பிறகு அதிலும் ஒரு தப்பு பண்ணி, 2025 ஜூலையில் நாலு நாள் தூக்கத்தைத் தொலைத்தேன். அந்தக் கதைதான் இது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 48,000 வருகிறது. ஆனால் பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்தம் மட்டும் வருடக்கணக்காக 1,800-லேயே நிற்கும். இன்க்ரிமென்ட் வந்தாலும் 1,800, புரமோஷன் வந்தாலும் 1,800. மார்ச்சில் அக்கவுன்ட்ஸில் போய்க் கேட்டேன். அங்கிருந்த தம்பி ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"1,800-தானுங்க மேடம் லிமிட்டு. அதுக்கு மேல கவர்மென்டே வாங்காது."

பையர் பணத்தைக் கழித்து அனுப்பும் டெபிட் நோட்டில் அரை சென்ட் வித்தியாசம் வந்தால் மூன்று தடவை கணக்குப் போட்டுச் சண்டைக்குப் போகிறவள் நான். அவன் சொன்னதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டு என் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அவன் மேல் அல்ல, என் மேல்.

ஆனி மாதம் உடுமலையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் என் தாய்மாமன். ஆலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பேச்சு எப்படியோ பி.எஃப். பக்கம் திரும்ப, நான் லிமிட் கதையைச் சொன்னேன். அவர் ரசத்தை இலையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனம்முணி, உனக்கு மட்டும் யாரு லிமிட்டு வெச்சது? ரிட்டையர் ஆகற வரைக்கும் என்ற பேசிக்ல பாதிய வி.பி.எஃப்.லதான போட்டேன்."

அந்த 1,800 எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு ராத்திரிதான் தேடிப் படித்தேன். பி.எஃப். சட்டப்படி கட்டாயப் பிடித்தத்துக்கான சம்பள உச்சம் 15,000. 2014 செப்டம்பருக்கு முன் அது 6,500-ஆக இருந்தது. 15,000-க்கு 12 சதவீதம் 1,800. என் பேசிக் எவ்வளவு உயர்ந்தாலும் கம்பெனி 15,000-ஐ வைத்தே கணக்குப் போடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. கம்பெனியும் தன் பங்காக 1,800 போடுகிறது. அதில் 1,250 பென்ஷனுக்குப் போய்விடும், மீதி 550 என் பி.எஃப். கணக்கில் சேரும். ஆக 1,800 என்பது அவர்கள் கட்டாயம் பிடிக்க வேண்டிய தொகை. நான் போடக்கூடிய தொகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வி.பி.எஃப்., அதாவது விருப்பப்பட்டுக் கூடுதலாகப் போடும் பி.எஃப்., என்ற பெயரில் பேசிக், டி.ஏ. முழுவதையும்கூட நான் விரும்பினால் போடலாம்.

படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். நேரடியாகக் கட்டிவிடலாம் என்று நினைத்து அரை நாள் லீவு போட்டு, வெயிலில் பி.எஃப். ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "நீங்க நேரா இங்க கட்ட முடியாதுங்க. கம்பெனிதான் சம்பளத்துல பிடிச்சு அனுப்போணும். எழுதிக் குடுங்க, அவ்வளவுதான்." இரண்டு நிமிட வேலைக்கு அரை நாள் போச்சு. யாருக்காவது பி.எஃப். ஆட்களிடம் நேரில் கேட்டே ஆக வேண்டும் என்றால், மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டவாரியாக 'நிதி ஆப்கே நிகட்' என்று முகாம் போடுகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அந்த மாதம் எங்கே என்று பார்த்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

அடுத்தது ஹெச்.ஆர். அங்கே வேறு பயம். "நீங்க கூட்டினா கம்பெனியும் கூட்டோணுமே மேடம், எம்.டி. ஒத்துக்க மாட்டாரு." நான் கொடுத்த லெட்டர் மூன்று வாரம் அவர்கள் டிரேயில் கிடந்தது. தினமும் போய்ப் பார்ப்பேன், மேலே ஒரு கொரியர் கவர் கூடியிருக்கும். நாம் கூட்டினால் கம்பெனி தன் பங்கைக் கூட்ட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வாயால் சொன்னால் நம்புவதாக இல்லை. கடைசியில் அந்த லெட்டரை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். முதல் வரியிலேயே, 'நிறுவனம் தன் பங்கை உயர்த்தத் தேவையில்லை, என் பங்கை மட்டும் உயர்த்திக்கொள்ள விரும்புகிறேன்' என்று போட்டேன். இரண்டே நாளில் கையெழுத்தாகி வந்தது. வி.பி.எஃப். கேட்கிறவர்கள் இந்த ஒரு வரியை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

கையெழுத்து ஆகியும் உடனே ஆரம்பிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் ஏப்ரல், அக்டோபர் இரண்டு மாதம்தான் பிடித்தத்தை மாற்ற விடுவார்கள். அது சட்டம் இல்லை, சாஃப்ட்வேர் ஆளின் வசதி. ஆக 2023 அக்டோபர் சம்பளத்தில்தான் முதல் 20,000 பிடித்தார்கள். அந்த பே ஸ்லிப்பை போட்டோ எடுத்து உடுமலை மாமாவுக்கு அனுப்பினேன். திருப்பி ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

இனி என் தப்பு.

2021 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி இருக்கிறது. பி.எஃப்.-இல் தொழிலாளி தன் பங்காகப் போடுவது வருடத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வரும் வட்டிக்கு வரி. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. 20,000-ஐ 12-ஆல் பெருக்கினேன், 2,40,000 வந்தது, பத்தாயிரம் கையிருப்பு இருக்கிறது என்று திருப்தியாகிவிட்டேன். கட்டாயமாகப் பிடிக்கும் 1,800-உம் அதே இரண்டரை லட்சத்துக்குள்தான் வரும் என்பது மண்டையில் ஏறவில்லை. 21,800-ஐ 12-ஆல் பெருக்கினால் 2,61,600. கோட்டைத் தாண்டி 11,600.

முதல் வருடம் பாதியில் ஆரம்பித்ததால் மொத்தம் 1,41,600-தான் போனது, மாட்டவில்லை. (அந்த வருடம் மிச்சமிருந்த 1,08,400-ஐ அடுத்த வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. ஏழு மாத அலைச்சலில் எனக்கு உண்மையில் நஷ்டம் அதுதான்.) 2024-25 முழு வருடமும் பிடித்தார்கள், தாண்டியது.

2025 ஜூலையில் ரிட்டர்ன் போட ஆடிட்டரிடம் போனேன். வருட ஸ்டேட்மென்டைப் பார்த்ததும், "ரெண்டரை லட்சம் தாண்டிப் போட்டிருக்கீங்களே, இனி வட்டி மொத்தத்துக்கும் வரி வருமே" என்றார். எனக்கு அந்த வருட வட்டியே ஐம்பதாயிரத்துக்கு மேல் வரும். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: நான் புதிய வரி முறையில் இருக்கிறேன், அதில் பி.எஃப். போன்ற சேமிப்புக்குக் கிடைக்கும் 80சி வரிக்கழிவே கிடையாது. அந்தக் கழிவு பழைய முறைக்கு மட்டும்தான், அதுவும் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் வரைதான். வரியும் மிச்சமாகும் என்று வீட்டில் பெருமை அடித்து வைத்திருந்தேன். மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது என்று அது ஒரு கவலை.

கவலையை நாலு பேரிடம் சொன்னேன், நாலு பேரும் ஆளுக்கொரு லிமிட் சொன்னார்கள். அரசுப் பள்ளி ஆசிரியரான கொழுந்தனார், "அஞ்சு லட்சம் வரைக்கும் ஒண்ணும் இல்லீங்க அண்ணி" என்றார். அந்த ஐந்து லட்சம் முதலாளி பங்கு எதுவும் சேராத, அரசு ஊழியர்களின் ஜி.பி.எஃப். போன்ற கணக்குகளுக்கு. எனக்குப் பொருந்தாது. டல்லாஸில் இருக்கும் சித்தி மகன் போனில் பதறிவிட்டான். "லிமிட் தாண்டிட்டியாக்கா? ஏப்ரல் 15-க்குள்ள வெளிய எடுத்திருக்கோணுமே!" நடந்துகொண்டிருந்தது ஜூலை. எனக்கு வயிறு கலங்கியது. அப்புறம்தான் புரிந்தது, அவன் சொன்னது அவர்கள் ஊர் பி.எஃப். மாதிரியான 401(கே) கணக்கு. அங்கே தொழிலாளி சம்பளத்திலிருந்து போடுவதற்கு 2024-இல் 23,000 டாலர், 2025-இல் 23,500 டாலர் என்று உச்சம். 50 வயதானவர்கள் கொஞ்சம் கூடப் போடலாம். தாண்டினால் மறு வருடம் ஏப்ரல் 15-க்குள் அதிகப்படியை வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே பணத்துக்கு இரண்டு தடவை வரி. அது முள்வேலி. நம்முடைய இரண்டரை லட்சம் வரப்பு மாதிரி. தாண்டிப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், அந்தப் பக்கம் விளைவதற்கு மட்டும் வரி.

நாலாம் நாள் ராத்திரி பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து நானே உட்கார்ந்தேன். 2021-க்குப் பிறகு ஒருவர் கணக்கை உள்ளுக்குள் இரண்டாகப் பிரித்து வைக்கிறார்கள், வரி இல்லாத பகுதி, வரி உள்ள பகுதி என்று. கோட்டைத் தாண்டிய பணம் மட்டும்தான் இரண்டாவதில் விழும். பழைய இருப்பு, கோட்டுக்குள் போட்டது, கம்பெனி போட்டது, இவற்றின் வட்டியைத் தொடுவதில்லை. ஆக எனக்கு வரி உள்ள பகுதியில் கிடப்பது 11,600. எட்டேகால் சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 957 ரூபாய் வட்டி. பத்து சதவீத வரி என்றால் நூறு ரூபாய்கூட இல்லை. அதுவும் 2025-26-க்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே வராதபடி தள்ளுபடி கொடுத்துவிட்டார்கள். என் சம்பளத்துக்கு அந்த நூறும் வராது.

இதற்கா நாலு நாள்!

ஆனாலும் அந்த 11,600 இனி ஒவ்வொரு வருடமும் அந்தப் பக்கத்திலேயே கிடந்து வட்டி ஈனும், அதை வருடா வருடம் ரிட்டர்னில் காட்ட வேண்டும். பெரிய தொகை தாண்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: வரிக்குரிய வட்டி 10,000-ஐத் தாண்டினால் (2025 மார்ச் வரை 5,000) டி.டி.எஸ்., அதாவது வட்டியிலேயே முன்கூட்டி வரி, பிடிப்பார்கள். பான் இணைத்திருந்தால் 10 சதவீதம், இல்லாவிட்டால் 20. வருட நடுவில் வேலை மாறினால் இரண்டு கம்பெனியிலும் பிடித்ததைக் கூட்டிப் பாருங்கள், கோடு ஆளுக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. வி.பி.எஃப்.-ஐ சதவீதமாக எழுதிக் கொடுக்காமல் தொகையாகக் கொடுங்கள், சதவீதம் என்றால் இன்க்ரிமென்ட் வரும்போது சொல்லாமல் ஏறிக்கொள்ளும். முதலாளி பங்குக்கும் ஏழரை லட்சம் என்று ஒரு உச்சம் இருக்கிறது. அது எங்கள் எம்.டி.யின் கவலை, 1,800 வாங்குகிற எனக்கு எதற்கு.

பாஸ்புக் பார்க்கும் பழக்கம் வந்ததில் இன்னொன்று சிக்கியது. எங்கள் செக்‌ஷனில் ஒரு பெண், 2017-இல் முதல் வேலை, சேரும்போதே பேசிக் 18,000. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல் தடவையாக பி.எஃப்.-இல் சேருகிறவருக்கு அன்றைக்கே 15,000-க்கு மேல் சம்பளம் என்றால் பென்ஷன் பகுதிக்கு எதுவும் போகக்கூடாது, கம்பெனி பங்கு முழுவதும் பி.எஃப்.-இல் சேர வேண்டும். அவளுடைய பாஸ்புக்கில் முதல் மாதத்திலிருந்தே 1,250 பென்ஷன் பத்தியில் போயிருக்கிறது. பணம் எடுக்கும் சமயத்தில் இது தெரிந்தால் கிளைம் திரும்பி வரும். இப்போதே கம்பெனி மூலமாகத் திருத்த எழுதிக் கொடுத்திருக்கிறாள். லெட்டர் அதே டிரேயில்தான் கிடக்கிறது.

நான் அக்டோபரில் தொகையைக் குறைத்து எழுதிக் கொடுத்தேன். 19,000-உம் 1,800-உம் சேர்த்தால் மாதம் 20,800, வருடத்துக்கு 2,49,600. அக்கவுன்ட்ஸ் தம்பி இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க மேடம், ஆயிரத்தக் குறைக்கறீங்க?" என்று கேட்டான். லிமிட் என்றேன்.

அந்த ஆயிரம் இப்போது மாமனாரிடம் போகிறது. இரண்டு மாடு கேட்டவர் ஒன்று பிடித்துவிட்டார். புண்ணாக்குக்கும் பருத்திக்கொட்டைக்கும் பத்தவில்லை என்கிறார்.