இவனும் அவனும்

ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதையில் தமிழ் நமக்கு நிறைய வேலையை மிச்சம் பிடித்துத் தருகிறது. "பார்த்தான். சிரித்தாள். பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டாள்" என்று எழுதினால் போதும். எழுவாயே தேவையில்லை, வினைமுற்றின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடும். இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதையை எழுத உட்கார்ந்த முதல் நாளே அந்த வசதி போய்விட்டது. "அவன் அவன் கையைப் பிடித்தான்." யார், யார் கையை? ஒவ்வொரு வரியிலும் பெயரைப் போட்டால் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல இருக்கிறது. உயரமானவன், மாநிறத்தான் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். அது வெளியாளின் பார்வை, காதலிக்கிறவன் பார்வை இல்லை.

நான்கைந்து நாள் கழித்து வழி தமிழிலேயே கிடைத்தது. யாருடைய மனசுக்குள்ளிருந்து கதை நகர்கிறதோ அவன் 'இவன்'. எதிரில் நிற்பவன் 'அவன்'. "அவன் கையை இவன் பிடித்தான்." அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து அந்த இரண்டு எழுத்துகள் சொல்லிவிடுகின்றன. அன்று மட்டும் நான்கு பக்கம் எழுதினேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். 2017இல் எழுத ஆரம்பித்தேன், மற்ற எல்லாரையும்போலக் குடும்ப நாவல்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அமேசானின் கிண்டிலில் தமிழில் நாமே மின்னூல் வெளியிடலாம் என்று வந்திருந்தது. முதலில் இணையத்தில் இலவசத் தொடராக வரும்: வாரத்துக்கு இரண்டு யூடி, அதாவது அப்டேட், முப்பது முப்பத்தைந்து எபி, அதாவது எபிசோட், கடைசியில் குழந்தையோடு ஓர் எபிலாக். அந்த எழுத்தை நான் இன்றும் குறைத்துப் பேச மாட்டேன். கதையை வாசகர் கையில் பிடித்துவைக்கும் வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது நாவலில் நாயகனுக்கு ஒரு நண்பன். நாயகன் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வெளியே தனியாக நின்றுகொண்டிருப்பான். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே அப்போது தெளிவில்லை. "பாவம் சிஸ், அந்த ஃப்ரெண்டுக்கும் ஒரு ஜோடி பாருங்க" என்று கமெண்ட் மேல் கமெண்ட் வந்தது. ஒரே ஒருவர் மட்டும் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். ஒரே வரி: "அக்கா, அவனுக்குப் பொண்ணு பாத்துடாதீங்க."

அதை எழுதியவன் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அந்த வரியைப் படித்தபிறகுதான் நான் எழுதியது என்னவென்று எனக்குப் புரிந்தது. அந்த நண்பனுக்கென்று ஒரு தனி நாவல் எழுதினேன். அது 2018. எழுதிக்கொண்டிருக்கும்போதே செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வயது வந்த ஒரே பாலினத்தவர் மனமொத்து உறவுகொள்வதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு இனிக் குற்றமாக்காது என்றார்கள். ஐந்து நீதிபதிகளில் ஒருவரான இந்து மல்ஹோத்ரா, இவர்களிடம் மட்டுமல்ல, இவர்களுடைய குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார். 'குடும்பங்களிடமும்' என்ற சொல்லை அன்று நான் வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் எழுத்தாளர் குழுவில் அப்போது பன்னிரண்டு பேர். அடுத்த கதை இரண்டு ஆண்களைப் பற்றியது என்று சொன்னதும் இரண்டு பேர் விலகினார்கள். "குரூப்போட பேரு கெட்டுப்போயிடும்" என்று ஒருவர் நேரடியாகவே சொன்னார். அந்த வருடத் தீபாவளித் தொகுப்பில் என் கதையைச் சேர்க்கவில்லை. வலித்தது. ஆனால் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், முப்பது நாவலுக்கு மேல் எழுதியவர், ஒற்றுப்பிழையைப் பொறுக்கவே மாட்டார். அவர் போன் செய்து, "எனக்கு இந்தக் கதை ஒத்துவரலை. ஆனா அஞ்சாவது எபில 'கைப்பிடித்தான்'னு போட்டிருக்க, 'கையைப் பிடித்தான்'னு மாத்து. கைப்பிடிச்சா கல்யாணம்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை என் ஒவ்வோர் அத்தியாயத்தையும் அவர்தான் திருத்துகிறார். ஒத்துவரவில்லை என்பதையும் இன்றுவரை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். சக எழுத்தாளர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அவர் முகம்தான் முதலில் வரும்.

அவர் சொன்ன அந்தக் 'கைப்பிடித்தல்' என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. தமிழில் இரண்டு ஆண்கள் ஏற்கெனவே மச்சான் என்றும் மாப்ள என்றும்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இரண்டுமே கல்யாணத்தால் வருகிற முறை. ஊரே கேட்க, பேருந்து நிறுத்தத்தில் சத்தமாகச் சொல்லலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் கதையில் அதையே வைத்துக்கொண்டேன். ஒருநாள் இவன் மாப்ள என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவ்வளவுதான் காதலைச் சொன்ன காட்சி. 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் என் நாவல் எதிலும் கிடையாது. அந்தச் 'சேர்க்கை' மனிதனைப் படுக்கையறையோடு நிறுத்திவிடுகிறது. தன்பாலீர்ப்பு என்ற சொல் எனக்குப் பிடிக்கும். 2022இல் தமிழ்நாடு அரசே, உயர்நீதிமன்ற வழக்கு ஒன்றையொட்டி, மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆனால் கதைக்குள் அந்தச் சொற்களும் வருவதில்லை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லையே.

என் தவறுகளைத் தம்பிதான் காட்டினான். "அக்கா, உங்க பசங்க மழைல நனையறாங்க, அழுவறாங்க, சண்ட போடறாங்க. வாடகை எப்பத்தான் குடுக்கறாங்க?" என்று கேட்டான். ரூம் கிடைப்பது ரெண்டு பையன்களுக்குக் கஷ்டமே இல்லை, திருப்பூர் முழுக்கப் பேச்சிலர் ரூம்தான், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், முப்பது வயசு தாண்டினபிறகுதான் வீட்டுக்காரம்மா "எப்பப்பா கல்யாணம்" என்று ஆரம்பிப்பார் என்றான். யார் பெயரில் கேஸ் இணைப்பு, ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் இன்னொருவன் தன்னை யாரென்று சொல்வான் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் என் கதைக்குள் வந்தது. அப்புறம் அவனும் எழுத ஆரம்பித்தான், ஒரு பெண்ணின் பெயரில்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். காலை நாலரை முதல் ஆறரை வரை சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். கிண்டிலில் இந்திய விற்பனைக்கு எழுபது சதவீதம் உரிமத்தொகை வேண்டுமென்றால் தொண்ணூறு நாள் வேறெங்கும் அந்தக் கதை இருக்கக்கூடாது, இல்லையென்றால் முப்பத்தைந்துதான். அதனால் இலவசமாகப் படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து கதையை எடுக்க வேண்டியிருக்கும், அவர்கள் கோபமும் நியாயம்தான். பணம் வர இரண்டு மாதம் ஆகும். மகளின் டியூஷனுக்கு அது சரியாக இருக்கிறது. கணவருக்கு நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியும். "பட்டறைல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்பது மட்டும்தான் அவர் கேட்டுக்கொண்டது. மகள் படித்துவிட்டு, "உன் பேரைப் போட்டா என்ன?" என்றாள். அவள் வகுப்பில் ஒரு பையனை 'ஒம்போது' என்று கூப்பிடுகிறார்களாம். "அவன் படிச்சா நல்லாருக்கும்மா" என்றாள். அவளுக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

அத்தைக்குக் கண்புரை முற்றியிருந்த சமயம். மதியத்தில் வாரப்பத்திரிகைத் தொடர்கதையைப் படித்துக் காட்டுவேன். ஒருநாள் பத்திரிகை வரவில்லை. "நீதான் என்னமோ எழுதறியாமா, அதப் படி அம்மிணி" என்றார். மறுக்க முடியவில்லை. கையிலிருந்த அத்தியாயத்தை எடுத்து, ஒருவனை மட்டும் பெண்ணாக்கிப் படித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். பெயரை மாற்றுவது சுலபம். ஆனால் ஒவ்வொரு வினைமுற்றிலும் 'ஆன்' வருகிற இடத்தில் 'ஆள்' போட வேண்டுமே. இரண்டு பக்கம் சமாளித்தேன். மூன்றாவது பக்கத்தில் அவள் சமையலறைக்குள் வந்தாள், கதவைச் சாத்தினாள், அழுதான்.

அத்தை பாக்கு இடிப்பதை நிறுத்தினார். "ரெண்டும் பையனுங்களா?"

"ஆமாங்கத்தை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாக்கு உரலைத் தள்ளி வைத்தார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பையனோட அம்மாளுக்குத் தெரியுமா?"

என் கதையில் அந்த அம்மா இரண்டு காட்சியில் வருவாள். இரண்டிலும் கத்துவாள். கதைக்கு ஒரு தடை வேண்டியிருந்தது, அவளைத் தடையாக வைத்திருந்தேன். அவளுக்கு எப்போது சந்தேகம் வந்தது, தெரிந்ததை எத்தனை வருடம் தெரியாததுபோல வைத்திருந்தாள், பக்கத்துத் தோட்டத்துக்காரி கேட்டால் என்ன சொல்வாள் என்று நான் யோசித்ததே இல்லை. 2018 தீர்ப்பின் அந்தச் சொல் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த நாவலை நிறுத்தி, ஐந்து அத்தியாயங்களைத் திருப்பி எழுதினேன். வாசகர்கள் மூன்று வாரம் யூடி கேட்டுச் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடிவுதான் எனக்கு எப்போதும் சிரமம். குடும்ப நாவலுக்குத் தாலி கட்டியாக வேண்டும். 2023 அக்டோபர் 17ஆம் தேதி, தன்பால் இணையர் திருமணத்தைச் சட்டமாக்க வேண்டியது நாடாளுமன்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருடம் ஆகஸ்டில், இவர்கள் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று ஒன்றிய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. என் கடைசி நாவல் அங்கேதான் முடிகிறது, ஒரு வங்கிக் கிளையில், டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கும் இரண்டு பேரோடு. "உறவுமுறைனு ஒரு கட்டம் இருக்குமேக்கா, அதுல என்ன எழுதுவாங்க?" என்று தம்பி கேட்டான். எழுதும்போது எனக்கும் அதே இடத்தில் கை நின்றது. பேனாவைக் கையில் பிடித்தபடி இவன் அவனைப் பார்ப்பதோடு முடித்துவிட்டேன்.

அந்த நாவல் வெளிவந்த மாதத்தில்தான் தம்பி வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜாதகம் எடுத்தாயிற்று. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி செய்கிற இணைச்சீருக்கு அவன் அக்கா புடவைகூட எடுத்துவிட்டாராம். அவன் எழுதிக்கொண்டிருந்த கதை முப்பத்தோராவது அத்தியாயத்தில் நின்றது. "நீங்களே முடிச்சுருங்கக்கா" என்று கோப்பை எனக்கு அனுப்பிவைத்தான்.

நான் முடிக்கவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. அந்த நடை எனக்குப் பழக்கம், வாசகருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் புனைபெயருக்குப் பின்னால் நாங்கள் இருவரும் ஒன்றாக ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றல்ல. மடிக்கணினியை மூடினால் நான் ஒரு வீட்டின் மருமகள், ஒரு பிள்ளையின் அம்மா, யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். அவன் மூடினாலும் அவன் அவன்தான். அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, பெற்றவர்களிடம் சொல்லு என்றோ சொல்லாதே என்றோ நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. "கோப்பு என்கிட்ட பத்திரமா இருக்கு. எப்ப வேணுமோ அப்ப கேளு" என்று மட்டும் பதில் போட்டேன். மூத்தவரிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். "அந்த முப்பத்தொண்ணையும் அனுப்பு, ஒற்றாவது பாத்து வைக்கறேன்" என்றார்.

ஏழு மாதம் ஆயிற்று. பெண் பார்ப்பது நின்றிருக்கிறது என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது, அவனாகச் சொல்லும்வரை கேட்கவும் மாட்டேன். போன வாரம் விடியற்காலை அவனிடமிருந்து முப்பத்திரண்டாவது அத்தியாயம் வந்தது. செய்தியில் ஒரு வார்த்தையும் இல்லை. திறந்து படித்தேன். முதல் வரியிலிருந்தே ஏதோ மாறியிருந்தது, பாதிப் பக்கம் போனபிறகுதான் பிடிபட்டது. 'இவன்' இல்லை. முப்பத்தொரு அத்தியாயமும் இவன் இவன் என்று வந்தவன் இதில் 'நான்' என்று பேசுகிறான். "அவன் கையை நான் பிடித்தேன்." இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தான். அதை மட்டும் குறித்தேன்.

அன்று மதியம் அத்தைக்கு அதைத்தான் படித்துக் காட்டினேன். 'நான்' என்று வருகிற கதையில் எதையுமே மாற்ற வேண்டியதில்லை. என் குரலில் படித்தால் ஒரு பெண் தன் காதலைச் சொல்வதாகத்தான் காதில் விழும். நான்கு வரி படித்துவிட்டு நிறுத்தினேன்.

"அத்தை, இது ஒரு பையன் சொல்ற கதைங்க."

"தெரியுது. படி அம்மிணி."