சத்தம் போடாத ராக்

நவம்பர் 14, 2025, வெள்ளி

மழை விட்டபாடில்லை. மத்தியானம் கன்னியாகுமரியில் இருந்து ஒரு போன். கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு விடுதியின் மேனேஜர் பேசினார். சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர்களுடைய சாப்பாட்டு ஹாலில் வாசிக்க ஒரு கிட்டாரும் பாட ஒரு பெண் குரலும் வேண்டுமாம். "எல்லாருக்கும் தெரிஞ்ச ராக் பாட்டா இருக்கணும் தம்பி, ஆனா சத்தம் வரக்கூடாது, சாப்பிடுறவங்க பேசிக்கிட்டே கேக்கணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு பாட்டுகளின் பட்டியல் வந்தது. அதில் மூன்றாவது, நிர்வானா என்ற அமெரிக்க ராக் பேண்டின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'.

நாகர்கோவிலில் கல்லூரியில் படித்தபோது எங்கள் பேண்ட் முதலில் கற்றுக்கொண்ட பாட்டு அது. மாடியில் ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகிவைத்து வாசிப்போம், பக்கத்து வீட்டு ஓடு அதிரும், அந்த வீட்டுப் பாட்டி வாசலில் நின்று எங்கள் அம்மாவைக் கூப்பிடுவார். 1991-இல் நிர்வானாவின் பாடகர் குர்ட் கோபேன் கத்திப் பாடிய அந்தப் பல்லவியில், அந்த வயதில் எனக்குச் சொல்லத் தெரியாததெல்லாம் இருந்தது. இப்போது அதை மீன் பொரியலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் வாசிக்க வேண்டும். விரலுக்கு அது லேசான வேலை. அந்தக் கத்தலைக் கொண்டுபோய் எங்கே வைப்பேன்?

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டு நாளாக வேறு வேலை பார்க்கவில்லை, ராக் பாட்டை மென்மையாக்கிப் பாடியவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். இந்த மாதிரி இசைக்கு லவுஞ்ச் என்று பேர்.

பழைய பாப் பாடகர் பால் ஆங்கா 2005-இல் 'ராக் ஸ்விங்ஸ்' என்று ஒரு முழு ஆல்பமே செய்திருக்கிறார், டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் கூட்டமாக நிற்கும் பிக் பேண்ட் இசையில். என் நிர்வானா பாட்டும் அதில் இருக்கிறது. ஒரு சொல்லைக்கூட அலட்சியமாகப் பாடவில்லை, அதற்காகவே மரியாதை வருகிறது. ஆனாலும் பாட்டு கோட்டு சூட் போட்டு விறைத்து நிற்கிறது. ரிச்சர்ட் சீஸ் என்பவர் சிரிக்கவைப்பதற்காகவே இதே வேலையைச் செய்கிறார். எனக்கு ஒட்டவில்லை. நான் அழுத பாட்டைப் பார்த்துச் சிரிப்பவரோடு என்னால் உட்கார முடியாது. அப்புறம் காபி கடைகளில் ஓடுகிற தொகுப்புகள், ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பாட்டுகளை வரிசையாகப் பொசா நோவா என்ற பிரேசில் நாட்டு மெல்லிய தாளத்தில் போட்டது மாதிரியானவை. நாலு பாட்டு கேட்டதும் எது எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை. தாளம் மட்டும் இருக்கிறது, பாட்டு எழுந்து போய்விட்டது.

நின்று கேட்கவைத்தவர்கள் இரண்டு பேர். ஒன்று அமெரிக்கப் பாடகி டோரி ஏமஸ். நிர்வானா பாட்டு வெளிவந்த அடுத்த வருஷமே, 1992-இல், வெறும் பியானோவோடு அதைப் பாடிவிட்டார். எங்கேயும் கத்தவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது.

இன்னொன்று பிரான்ஸ் நாட்டு நூவெல் வாக் குழு. மார்க் கொலான், ஒலிவியே லிபோ என்ற இரண்டு பேர் 2004-இல் கொண்டுவந்த முதல் ஆல்பத்தில் ஜாய் டிவிஷன், தி கிளாஷ் மாதிரி பிரிட்டிஷ் பேண்டுகளின் பாட்டுகளையெல்லாம் பொசா நோவாவாக்கியிருக்கிறார்கள். பெயரே அழகு. நூவெல் வாக் என்றால் பிரெஞ்சில் புதிய அலை. அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டு வகை நியூ வேவ், அதுவும் புதிய அலை. பொசா நோவா என்றாலும் ஏறக்குறைய அதே பொருள்தான், புதிய போக்கு. பாடிய பெண்களை அசல் பாட்டைத் தெரியாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம். அசலைக் கேட்காதவர் அதைப் போலப் பாட முயற்சி செய்ய மாட்டார், எதிர்த்தும் பாட மாட்டார். வரிகளை மட்டும் வாசித்துப் பாடுவார். எனக்கு மூளையில் விளக்குப் போட்டது போல இருந்தது, ஏனென்றால் முட்டத்தில் எனக்கு ஒரு அக்காவைத் தெரியும்.

நவம்பர் 19, புதன்

முட்டம். பள்ளிக்கூடம் விட்டு அக்கா வர ஐந்தாகிவிட்டது. கணக்கு டீச்சர், கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறார், தாழ்ந்த சுருதியில் குரல் தேன் மாதிரி இறங்கும். நிர்வானா என்றால் என்ன என்று கேட்டார். "பிறகு சொல்லுதேன் அக்கா, இப்ப கேக்காதீங்க" என்று பன்னிரண்டு பாட்டின் வரிகளையும் தாளில் எழுதிக் கொடுத்தேன், மெட்டை நானே மெதுவாகப் பாடிக் காட்டினேன். அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வந்தது, அதைத் தின்றுகொண்டே படித்தார்.

பிரச்சினை முதல் கார்டிலேயே வந்தது, அதாவது கிட்டாரில் சேர்த்து ஒலிக்கவைக்கும் முதல் ஸ்வரக் கூட்டிலேயே. இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதிவைக்கிறேன். ராக் கிட்டாரில் பவர் கார்டு என்பது இரண்டே ஸ்வரம்: ஸட்ஜம், பஞ்சமம். காந்தாரம் கிடையாது. கிட்டத்தட்ட நம் தம்புராதான். ஆம்ப்ளிஃபயரைத் திணறவைத்து அந்த உறுமலை வரவழைக்கும்போது காந்தாரத்தையும் சேர்த்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும், அதனால் அதை விட்டுவிடுவார்கள். நிர்வானா பாட்டின் நாலு கார்டும் அப்படிப்பட்டவைதான். சந்தோஷமா துக்கமா என்று கிட்டார் சொல்லவே சொல்லாது, குரல்தான் சொல்ல வேண்டும்.

நைலான் கம்பி கிட்டாரில், மைக் இல்லாத குறையாக மெல்ல வாசிக்கும்போது, இரண்டு ஸ்வரம் மட்டும் வைத்தால் ஓட்டைப் பானை மாதிரி கேட்கிறது. காந்தாரம் போட்டே ஆக வேண்டும். எந்தக் காந்தாரம்? அந்தர காந்தாரம் போட்டால் மேஜர், உடனே விடுதி வரவேற்பறை. சாதாரண காந்தாரம் போட்டால் மைனர், அந்தப் பாட்டின் மெட்டு நிற்கிற இடமும் எஃப் மைனர்தான், ஆனால் ரொம்ப அழுகிறது. ஒரு மணி நேரம் இதிலேயே போனது. கடைசியில் முதல் இரண்டு கார்டையும் மைனராக்கி, ஏழாவது ஸ்வரத்தையும் சேர்த்து, அடுத்த இரண்டை மேஜராக விட்டேன். ஒரு கதவு மூடி ஒரு கதவு திறக்கிற மாதிரி வந்தது. அக்கா நிமிர்ந்து, "இது நல்லாருக்கு, இதே வை" என்றார்.

தாளம் பிரேசிலின் பொசா நோவா கிட்டார்காரர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவிடம் இருந்து. ரியோவின் தெருவில் ஒரு கூட்டமே சேர்ந்து அடிக்கும் சாம்பாவை 1958-இல் அவர் ஒரே கிட்டாருக்குள் சுருக்கிவிட்டார். கட்டை விரல் பெரிய முரசின் வேலையைச் செய்யும், நிற்காமல், கூடாமல் குறையாமல். மற்ற மூன்று விரலும் சேர்ந்து அடிக்கு முன்னாலோ பின்னாலோ கம்பியைக் கிள்ளும். யோசித்துப் பார்த்தால் நான் செய்யப் பார்ப்பதைத்தான் அவரும் செய்திருக்கிறார், பெரிய சத்தத்தை விட்டுவிட்டு அதன் துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 22, சனி

முதல் சாயங்காலம். கார்த்திகை பிறந்துவிட்டதால் ஊர் முழுக்க மாலை போட்ட சாமிமார், வண்டி நிறுத்த இடமில்லை. ஹாலில் பதினைந்து மேஜை.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். நாலாவது பாட்டில் இன்னொரு தடவை. கடைசியில் எங்களுக்கே எங்களைக் கேட்கவில்லை. தட்டும் கரண்டியும்தான் தாளம் போட்டன. 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வுக்கு மட்டும் கைதட்டு, அதற்கு எப்போதுமே கிடைக்கும். 1976-இல் வந்த ஆல்பத்தின் பாட்டு அது. 1994-இல் அதைப் பாடிய ஈகிள்ஸ் குழு மறுபடி ஒன்று சேர்ந்தபோது அவர்களே அதை நைலான் கிட்டாரோடு மெதுவாக்கி வாசித்தார்கள். ஒரு மேஜையில் இருந்த பெரியவர் எழுந்து வந்து "ஒரிஜினல் மாதிரியே இருந்தது தம்பி" என்று கையைப் பிடித்தார். அவர் சொன்னது அந்த 1994 வாசிப்பை. அவருக்கு மெதுவானதுதான் அசல், அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

நிர்வானா பாட்டு போனதே தெரியவில்லை. எங்கள் பக்கம் ஒரு தலையும் திரும்பவில்லை. பல்லவியைக் கொஞ்சம் அழுத்தி வாசிக்கப் பார்த்தேன், மேனேஜர் தூரத்தில் இருந்தே கையைக் கீழே இறக்கிக் காட்டினார். திரும்பும்போது ஈத்தாமொழி தாண்டும் வரை அக்காவும் நானும் பேசவில்லை.

நவம்பர் 27, வியாழன்

மாமா வந்திருந்தார். எண்பதுகளில் கோயில் திருவிழாக்களில் வாசித்த ஒரு மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் என்ற இரட்டைச் சின்ன முரசு வாசித்தவர் அவர். நான் பழகிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "எலே மக்கா, இதுக்கு லவுஞ்சுன்னு பேரா? நாங்க மெல்லிசைன்னு சொன்னோம்லா" என்றார். இரண்டு வாரமாக என் வாயில் வராத சொல். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரையும் மெல்லிசை மன்னர்கள் என்றுதானே சொன்னோம், அந்த 'மெல்'லை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே அவருக்கு எங்கள் பட்டியலில் இருந்த 'லைலா' என்ற ராக் பாட்டை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டினேன். முதலில் 1970-இல் வந்தது, எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் கிட்டாரில் அலறுவது. அப்புறம் அதே கிளாப்டன் 1992-இல் மின்சாரக் கிட்டார் இல்லாமல் வாசிக்கும் 'அன்பிளக்ட்' மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பாடியது. கதையையும் சொன்னேன். நண்பன் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்டு மேல் ஆசை வைத்துத் தவித்து, லைலா மஜ்னு கதையில் இருந்து பெயரை எடுத்து எழுதின பாட்டு. பிறகு அந்தப் பெண்ணையே 1979-இல் கல்யாணமும் செய்தார். இந்த இரண்டாவது பாட்டைப் பாடும்போது அவர்கள் பிரிந்தும் விட்டார்கள்.

மாமா இரண்டாவதை மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். "முதல்ல கேக்கான். இதுல கேக்கல. நடந்ததைச் சொல்லுதான். கேக்கவனுக்குத்தான் சத்தம் வேணும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. போன சனிக்கிழமை நான் செய்த தப்பு புரிந்தது. கத்துகிற ஆளின் பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் இறக்கினேன். பாடுகிற ஆளும் மாற வேண்டும். கேட் பவர் என்ற அமெரிக்கப் பாடகி 2000-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டைப் பாடியபோது உலகமே சேர்ந்து கத்தும் அந்தப் பல்லவியைப் பாடாமலே விட்டுவிட்டார். சரணம் மட்டும். பல்லவி நம் மண்டைக்குள் தானாக ஓடும், அவர் அதைத் தொடவே மாட்டார். அப்படி ஒரு தைரியம் எனக்கு வேண்டும்.

டிசம்பர் 3, புதன்

கோட்டாறு சவேரியார் திருவிழா கடைசி நாள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேர் பார்த்துவிட்டு அக்காவும் அண்ணனும் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா விடவில்லை. "ரெண்டு வாரமா பாடுதேன், ஒரு தடவ அத கேக்க விடு."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். அந்த முதல் கிட்டார், அப்புறம் டிரம்ஸ் விழுந்ததும் தோள் குலுங்கியது. சரணம் வந்தபோது அமைதியாக வரிகளை முணுமுணுத்தார். நிர்வானாவின் வித்தையே அதுதான், சரணத்தில் அடக்கிப் பல்லவியில் உடைப்பது. பல்லவியில் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நாலேமுக்கால், ஐந்து நிமிஷம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கழற்றி மடியில் வைத்தார். "இந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

சொன்னேன். 1994-இல், இருபத்தேழு வயதில், போய்விட்டார் என்று.

ரொம்ப நேரம் கழித்து, "கடைசில அந்த ஒரே சொல்ல எத்தன தடவ சொல்லுதான், எண்ணினியா?" என்று கேட்டார். கணக்கு டீச்சர், அவர் எண்ணியிருக்கிறார். ஒன்பது. மறுக்கிறேன், இல்லை என்கிறேன் என்ற மாதிரியான சொல். நாங்கள் அதை இரண்டு தடவையாகச் சுருக்கி அழகாக முடித்து வைத்திருந்தோம்.

"ஒம்பதையும் பாடணும்" என்றார்.

டிசம்பர் 6, சனி

மழை இல்லை, ஆனால் காற்று. ஹாலின் ஒரு பக்கத்துத் திரையை இறக்கிக் கட்டியிருந்தார்கள்.

தலைகீழாக மாற்றிவிட்டோம். சரணத்துக்கு எல்லா விரலும். பல்லவி வந்ததும் மூன்று விரலையும் எடுத்துவிட்டுக் கட்டை விரல் மட்டும், அக்காவின் குரலும் பேச்சுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். எங்கே எல்லோரும் கத்தலை எதிர்பார்ப்பார்களோ அங்கே ஒன்றுமே இருக்காது. மேனேஜருக்குக் கையை இறக்க வேலை வரவில்லை.

கடைசி ஒன்பது. முதல் மூன்று சாதாரணமாக. நாலாவதில் இருந்து ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னதாக. நான் கார்டில் இருந்து ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்துக்கொண்டே வந்தேன், முதலில் ஏழாவது, அப்புறம் காந்தாரம். கடைசியில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும், கோபேனின் அதே இரண்டு ஸ்வரம், நகத்தால் தொட்டும் தொடாமலும். ஏழாவதில் அக்காவுக்கு மூச்சு பற்றவில்லை, குரல் பாதியில் காற்றாகிவிட்டது. எட்டாவதை அப்படியே காற்றாகவே பாடினார். ஒன்பதாவதில் உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. ஜன்னலோர மேஜையில் இருந்த ஒரு பையன், கல்லூரி வயது இருக்கும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஏழாவதுக்கு முன்னால் அக்காவுக்கு மூச்செடுக்க ஒரு சுற்று கூடுதலாக வாசிக்க வேண்டும். அடிக் கம்பி மூன்றும் உப்புக் காற்றில் மங்கிவிட்டன, திங்கட்கிழமை நாகர்கோவிலில் புதுசு வாங்கணும். 'லைலா'வுக்குப் பாங்கோஸ் சேர்க்கலாமா என்று மாமாவிடம் கேட்டிருக்கிறேன். பரணில் இருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று அத்தை சொன்னார்கள்.