ஏ.எம்.ஏ. கார்டு இருந்தாலும் வீட்டு பாலிசியைப் படியுங்கள்

அமெரிக்காவில் ஆர்சி விமானம் (ரிமோட்டில் இயக்கும் மாடல் விமானம்) விடுபவர்கள் பலர், அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் (ஏ.எம்.ஏ.) என்ற மாடல் விமானச் சங்கத்தின் உறுப்பினர் கார்டு பர்ஸில் இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்த உறுப்பினருக்கு ஒரு விபத்துக்கு 25 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடு (அடுத்தவருக்கு நம்மால் வரும் சேதத்துக்கான காப்பீடு) உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது இரண்டாவதாக வரும் காப்பீடு. உங்களிடம் வீட்டு பாலிசியோ வாடகைதாரர் பாலிசியோ இருந்தால் முதலில் அதுதான் கொடுக்க வேண்டும். அதன் வரம்பு தீர்ந்தால், அல்லது அங்கே இல்லை என்று சொல்லிவிட்டால்தான் ஏ.எம்.ஏ. வரும். வேறு பாலிசியே இல்லாதவருக்கு இதுவே முதலாவது.

ஆகவே வீட்டு பாலிசியில் 'ஏர்கிராஃப்ட்' என்ற விலக்கைத் தேடிப் படியுங்கள். வழக்கமான படிவங்களில் விமானத்தால் வரும் பொறுப்புக்குக் காப்பீடு கிடையாது. ஆளோ சரக்கோ ஏற்றாத, ஏற்றுவதற்கென வடிவமைக்காத மாடல் விமானத்துக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. வில்லங்கம் அந்தச் சரக்கில்தான். கிளப் விழாவில் பிள்ளைகளுக்கு மேலிருந்து மிட்டாய் கொட்டும் விமானம் எதில் சேரும்? ஏஜென்டிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். போனில் 'அதெல்லாம் கவராகும்' என்று சொன்னது கிளெய்ம் நேரத்தில் செல்லாது.

விழுந்து நொறுங்கிய உங்கள் விமானத்துக்கு இந்தப் பொறுப்புக் காப்பீட்டில் சல்லிக்காசு வராது; இது அடுத்தவர் உடம்புக்கும் உடைமைக்கும்தான். காசு வாங்கிக்கொண்டு வீட்டு விற்பனைக்காக விமானத்திலிருந்து படம் எடுத்தால் ஏ.எம்.ஏ. காப்பீடு இல்லை. 55 பவுண்டு எடைக்கு மேற்பட்ட விமானத்துக்குத் தனி அனுமதி வேண்டும். பறக்கும் இடம் இன்னொருவர் நிலமென்றால், நில உரிமையாளர் பெயரையும் சேர்த்து கிளப் காப்பீட்டுச் சான்றிதழ் வாங்கலாம். விவசாயிகள் சம்மதிப்பதே பெரும்பாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

சிக்னல் போய், விமானம் பார்க்கிங்கில் நின்ற காரின் கண்ணாடியில் இறங்கிவிட்டது என்று வையுங்கள். 'நானே கொடுத்துடறேன்' என்று அங்கேயே வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனியைக் கேட்காமல் நீங்களாக ஒப்புக்கொண்ட தொகை உங்கள் கைப்பணம் என்றுதான் பாலிசிகளில் பொதுவாக எழுதியிருக்கும். படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரும் போன் நம்பரும் குறியுங்கள், வீட்டு பாலிசி கம்பெனிக்கும் ஏ.எம்.ஏ.வுக்கும் தாமதிக்காமல் தெரிவியுங்கள். உடைந்த விமானத்தை ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்கும் கருவி), பேட்டரியோடு அப்படியே எடுத்து வையுங்கள். சிக்னல் போனால் ஃபெயில்சேஃபில் (தானாக இயங்கும் பாதுகாப்பு ஏற்பாட்டில்) திராட்டில், அதாவது மோட்டாரின் வேகம், இறங்கும்படி அமைத்திருந்தீர்களா என்ற கேள்வி வந்தால், காட்டுவதற்கு அந்த ரிசீவர் வேண்டும்.