ஐஎஸ்ஓ ஏத்த பயந்து பிராக்டிகல கோட்ட விட்ட கதை

போட்டோகிராபி சர்டிபிகேட் கோர்ஸ் ஒண்ணு படிச்சேன், அதுல தியரி எல்லாம் நல்லாத்தான் எழுதுனேன், பிராக்டிகல்ல முதல் தடவ ஊத்திக்கிச்சு, ரெண்டாவது அட்டெம்ப்ட்ல தான் பாஸ். அடுத்து போறவங்க எந்த செட்டிங் வச்சீங்க எந்த செட்டிங் வச்சீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க. நம்பர மட்டும் சொன்னா உங்களுக்கு அது உதவாது, ஏன்னா உங்க ரூம் வேற உங்க லென்ஸ் வேற. அதனால நான் சொதப்புனதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

எக்ஸாம் சிம்பிள் தான். ஒரு ரூம்ல ஒருத்தர் உக்காந்து ஏதாவது கைவேல பண்ணிட்டு இருப்பார், 1 மணி நேரத்துல 10 போட்டோ, ஃபிளாஷ் கூடாது டிரைபாட் கூடாது எடிட்டும் கூடாது. எனக்கு வந்தது புக் பைண்டிங், ஒரு பெரியவர் தாள் கட்ட ஊசி நூல் வச்சு தைச்சிட்டு இருந்தார், மேல ஒரே ஒரு டியூப் லைட்டு. என் கையில 18-55 எம்எம் கிட் லென்ஸ் (கேமராவோடவே வர்றது), 55க்கு ஜூம் பண்ணதும் அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, தானா எஃப் 5.6க்கு போய் நின்னுடுச்சு (எஃப் நம்பர் பெருசானா திறப்பு சின்னது). ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கேமரா எவ்ளோ ஏத்தி காட்டணும்ங்கற செட்டிங்) 800க்கு மேல போனா போட்டோ முழுக்க புள்ளி புள்ளியா வரும்னு எங்கயோ கேட்டத வேதவாக்கா நம்பி அங்கயே வச்சேன், ஷட்டர் திறந்திருக்கற நேரம் 1/8 செகண்டுக்கு இறங்கிடுச்சு, லென்ஸ்ல ஆட்டத்த சமாளிக்கற ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு ஒரு தைரியம். கேமரா பின்னாடி ஸ்கிரீன்ல பாத்தா எல்லாமே அருமையா இருந்துச்சு. அவ்ளோ சின்ன ஸ்கிரீன்ல எதுதாங்க அருமையா இருக்காது.

எக்ஸாமினர் கம்ப்யூட்டர்ல போட்டு 100% ஜூம் பண்ணார். அவர் பக்கத்துல இருந்த அலமாரி கத்தி மாதிரி ஷார்ப், அதுல இருக்கற புக்கோட பேர கூட படிக்கலாம், ஆனா ஊசி புடிச்ச விரல் மட்டும் புகை. "நாய்ஸ் (அந்த புள்ளி தான்) இருந்தா நான் விட்டுருவேன்ப்பா, இத என்ன பண்றது"ன்னு கேட்டார். பதில் இல்ல என்கிட்ட.

அன்னிக்கு தான் ஒண்ணு உறைச்சுது. மங்கலா இருக்குன்னு நாம பொதுவா சொல்றது மூணு தனித்தனி வியாதி, மருந்தும் தனித்தனி. படம் முழுக்க ஒரே பக்கமா இழுத்த மாதிரி இருந்தா நம்ம கை ஆடியிருக்கு. அதே தூரத்துல இருக்கற மத்ததெல்லாம் ஷார்ப்பா இருந்து ஆள் மட்டும் கரைஞ்சிருந்தா ஆள் அசைஞ்சிருக்கார். ஆள் மங்கல் ஆனா அவருக்கு முன்னாடியோ பின்னாடியோ வேற ஏதோ ஷார்ப்பா இருந்தா ஃபோகஸ் தப்பான எடத்துல விழுந்திருக்கு. ஸ்டெபிலைசேஷன் முதல் வியாதிக்கு மட்டும் தான் மருந்து, நம்ம கை ஆட்டத்த அது சமாளிக்கும், அவர் கையசைவ அதால ஒண்ணுமே பண்ண முடியாது. எதையும் திருகறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து ஜூம் பண்ணி இதுல எதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் கை வைங்க.

அப்புறம் வரிசை. நான் ஐஎஸ்ஓல ஆரம்பிச்சேன், அதான் தப்பு. ஷட்டர முதல்ல முடிவு பண்ணனும், ஐஎஸ்ஓ கடைசில எது வருதோ வரட்டும். கை ஆட்டத்துக்கு பழைய கணக்கு ஒண்ணு உண்டு, 50 எம்எம் லென்ஸுன்னா குறைஞ்சது 1/50, சின்ன சென்சார் (படம் பதியற சில்லு, ஏபிஎஸ்-சி சைஸ்) கேமராவா இருந்தா ஒன்றரையால பெருக்கி 1/80ன்னு வச்சுக்கலாம். மெகாபிக்சல் அதிகமான கேமரால இதுவும் பத்தாது, ஜூம் பண்ணா லேசான ஆட்டம் கூட தெரிஞ்சிடும். ஆனா இது கைக்கு மட்டும் தான், ஆளுக்கு தனியா பாக்கணும். உக்காந்து பேசிட்டு இருக்கறவருக்கு 1/125, நடக்கறவருக்கு 1/250, ஓடற குழந்தைன்னா 1/500, இதெல்லாம் நான் எடுத்து பாத்து எனக்கு ஒத்து வந்த அளவு. ரெண்டு கணக்குல எது வேகமோ அத வைங்க.

ரெண்டாவது அட்டெம்ப்ட்டுக்கு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு கடன் வாங்குனேன். எஃப் 5.6ல இருந்து 1.8க்கு வந்தா கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள வருது, சும்மா இல்ல. சரி இனிமே கவலையே இல்லன்னு முழுசா திறந்து வச்சு பிராக்டிஸ் பண்ணா புதுசா ஒரு தலைவலி, மூணாவது வியாதி வந்துடுச்சு. சின்ன சென்சார்ல 1 மீட்டர் தூரத்துல எஃப் 1.8ன்னா ஷார்ப்பா விழற ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர் தான், கண்ணுக்கு ஃபோகஸ் வச்சா காது போயிடும், வச்சிட்டு நாம லேசா முன்னாடி சாஞ்சாலே கண்ணும் போயிடும். 2 மீட்டர் தள்ளி நின்னா அதுவே 11, 12 சென்டிமீட்டர் ஆகுது. அதனால எஃப் 2.8 வச்சு ஒரு எட்டு பின்னாடி போயிட்டேன்.

இப்ப ஐஎஸ்ஓக்கு வாங்க. அந்த மாதிரி ஒத்த டியூப் லைட்டு ரூம்ல எஃப் 2.8, 1/125க்கு ஐஎஸ்ஓ 3200 பக்கம் கேக்கும். அதே கிட் லென்ஸ் எஃப் 5.6ல 1/125 வேணும்னா 12800. பயமா இருக்குல்ல, எனக்கும் இருந்துச்சு. ஆனா 3200ல வர்ற புள்ளிய பிரிண்ட் போட்டா பாதி பேருக்கு தெரியவே தெரியாது, விரல் கரைஞ்சது எல்லாருக்கும் தெரியும். இதுல இன்னொரு குழியும் இருக்கு, ஐஎஸ்ஓ ஏத்தாம இருட்டாவே எடுத்துட்டு அப்புறம் எடிட்ல பிரைட் பண்ணிக்கலாம்னு நினைப்போம், பல கேமரால அப்படி பண்ணா நிழல் பக்கம் புள்ளி இன்னும் மோசமா தான் வரும். ஜேபெக்ல (கேமராவே சுருக்கி சேமிக்கற ஃபைல்) எடுத்தா சொல்லவே வேணாம்.

நான் வச்சது மேனுவல் மோடு, ஷட்டரும் அப்பர்ச்சரும் என் கையில, ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ, மேக்சிமம் 6400. ஒரே ஒரு விஷயம் பாத்துக்கங்க, ஃபிரேமுக்குள்ள டியூப் லைட்டோ ஜன்னலோ வந்துட்டா கேமரா ஏமாந்து ஐஎஸ்ஓவ குறைச்சிடும், ஆள் முகம் இருண்டுடும். அப்ப ஆட்டோவ விட்டுட்டு ஐஎஸ்ஓவயும் நீங்களே வச்சிடுங்க. இன்னொண்ணு, நாம லைட்டு கிட்ட போய் நின்னா பிரயோஜனம் இல்ல, ஆள் மேல எவ்ளோ வெளிச்சம் விழுதுங்கறது தான் கணக்கு. ஆள நகத்த முடியலன்னா அவர் முகத்துல லைட்டு விழற பக்கமா நாம சுத்தி போய் நிக்கலாம்.

ஃபோகஸுக்கு நடு பாயின்ட் ஒண்ண மட்டும் வச்சேன், பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ள மிரர் வச்ச கேமரா) வச்சிருந்தா இருட்டுல அதான் நம்பிக்கையானது. வெறும் கன்னத்துல வச்சா கேமரா தேடிட்டே இருக்கும், கண்ணாடி ஃபிரேம், காலர் ஓரம் மாதிரி கோடு தெரியற எடத்துல வச்சா டக்குனு புடிக்கும்.

அப்புறம் அந்த பெரியவர். ரெண்டாவது தடவையும் அவரே தான் உக்காந்திருந்தார், எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. முதல் 10 நிமிஷம் நான் எடுக்கவே இல்ல, கைய மட்டும் பாத்துட்டு இருந்தேன். ஊசிய குத்துவார், நூல மேல இழுப்பார், முழுசா இழுத்து முடிச்சதும் கை அப்படியே ஒரு கணம் மேல நிக்கும், அப்புறம் தான் கீழ வரும். இழுக்கும்போது எடுக்கணும்னா 1/250 கூட பத்தல, அந்த நிக்கற கணத்துல 1/125லயே நூல் இழை வரைக்கும் தெரியுது. கதவு நிலைல தோள சாச்சு, முழங்கைய ரெண்டையும் விலாவோட ஒட்டி, லென்ஸுக்கு அடியில இடது கைய குடுத்து, பாதி மூச்ச விட்டுட்டு மூணு மூணா பர்ஸ்ட் (விடாம தொடர்ச்சியா) எடுத்தேன். மூணுல நடுவுல இருக்கறது தான் பெரும்பாலும் ஷார்ப்பா வந்துச்சு, பட்டன அமுக்கற ஆட்டம் முதல் படத்தோட போயிடும்.

10ல 8 போட்டோவ ஓகே பண்ணாங்க. மிச்சம் ரெண்டுல குறுக்கால பட்டை பட்டையா கோடு. சத்தம் வேணாமேன்னு நடுவுல சைலன்ட் ஷட்டர் (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) போட்டிருந்தேன், அதனால வந்த வினை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல சில லைட்டு செகண்டுக்கு 100 தடவ மின்னும், அதோட ஒத்து போற 1/100 இல்ல 1/50 வச்சா கோடு வராது, 60 ஹெர்ட்ஸ் ஊர்னா 1/120 இல்ல 1/60 பக்கம். நான் 1/125லயே எடுத்து தொலைச்சிட்டேன். உள்ள போறதுக்கு முன்னாடி சைலன்ட் மோட ஆஃப் பண்ணிட்டு, லைட்ட பாத்து ஒரு டெஸ்ட் போட்டோ எடுத்துக்கங்க.