முறுக்கு என்றொரு கிடா

கவுன்ட்டி ஃபேருக்கு, அதாவது எங்கள் மாவட்டத்துத் திருவிழாச் சந்தைக்கு, நாங்கள் போனது ராட்டினம் சுற்றத்தான். ஆட்டுக் கொட்டகைக்குள் நுழைந்த மகள் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. அடுத்த வருடம் தானும் ஒரு ஆட்டோடு வரப்போவதாகத் திரும்பி வரும்போது காரிலேயே அறிவித்துவிட்டாள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆட்டுப் புழுக்கை மிதித்து வளர்ந்தவள் நான். படித்து, வேலை தேடி, அமெரிக்காவின் ஒஹையோ வரைக்கும் வந்து, கடைசியில் மறுபடி ஆட்டுக்கேவா என்றிருந்தது.

பிள்ளைகள் ஆடு மாடு காட்ட வேண்டுமென்றால் இங்கே பெரும்பாலும் ஃபோர்-ஹெச் என்ற பிள்ளைகள் சங்கத்தில்தான் சேர வேண்டும். 1902இல் இதே ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளைக் கூட்டித் தொடங்கிய ஏற்பாடு, இன்று நாடு முழுக்க இருக்கிறது. மகளுக்கு 10 வயது. வயது சரிதான், வீடுதான் சிக்கல். எங்கள் குடியிருப்பில் கோழிகூட வளர்க்க முடியாது. சங்கத் தலைவி தன் பண்ணையில் ஒரு பட்டியை ஒதுக்கித் தந்தார். 12 மைல் தூரம். தினமும் காலையும் மாலையும் போய்வர வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

ஏப்ரல் கடைசியில் 225 டாலருக்கு ஒரு போயர் இன ஆட்டுக்குட்டி வாங்கினோம். வெள்ளை உடம்பு, காப்பித்தூள் நிறத் தலை, 38 பவுண்டு எடை. காயடித்து, கொம்பு எடுத்து, காதில் ஸ்க்ரேப்பி நோய்க் கண்காணிப்புக்கான வில்லை போட்டுத்தான் கொடுத்தார்கள். எந்நேரமும் எதையாவது நொறுக்கிக்கொண்டே இருந்ததால் முறுக்கு என்று மகள் பேர் வைத்தாள். தீவனம், எடை, செலவு எல்லாவற்றையும் அவளே ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். கால்நடைத் தரம் பற்றிய வகுப்பிலும் உட்கார வேண்டும். கிடாக்குட்டிக்குத் தானியம் அதிகமானால் சிறுநீர்க்கல் வரும், அதற்காகத்தான் தீவனத்தில் அம்மோனியம் குளோரைடு சேர்க்கிறார்கள் என்று அவள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

ஜூன் முடிவில் 55 பவுண்டு. எங்கள் கவுன்ட்டியில் ஃபேர் அன்று குறைந்தது 60 இருந்தால்தான் களத்தில் இறக்குவார்கள். கவலையில்லை என்றிருந்தோம். அப்புறம் ஒரு வாரம் விடாத மழை. தீவனம் மீந்தது. தாடைக்குக் கீழே லேசாக வீங்கிய மாதிரி இருந்தது. ஊரில் இருக்கும் அப்பத்தாவை வீடியோவில் கூப்பிட்டேன். எண்பது தாண்டியவர், ஆட்டை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை.

"கீழ் இமைய இழுத்துக் காட்டுடி. செவப்பா இருக்கா, வெளுத்திருக்கா?"

வெளுத்துத்தான் இருந்தது. சங்கத் தலைவி ஒரு அட்டையோடு வந்தார். சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறங்கள். இமையின் உட்புறத்தை அதோடு ஒப்பிட்டால், ரத்தம் உறிஞ்சும் குடற்புழு ஆட்டை எவ்வளவு வாட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். போயர் ஆட்டைப் போலவே அந்த அட்டையும் தென்னாப்பிரிக்காவில் உருவானதுதான். முறுக்குக்கு நாலாவது நிறம். அட்டை இல்லாமலே அப்பத்தா அதைத்தானே சொன்னார்!

மருந்து கொடுப்பதிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஃபேர் ஏலத்தில் விற்றுக் கறிக்குப் போகும் ஆடு என்பதால், மருந்து உடம்பை விட்டு நீங்க மருத்துவர் குறித்துத் தரும் நாள்கணக்கு முடியாமல் விற்க முடியாது. கொடுத்த மருந்தையெல்லாம் ஃபேர் படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். நல்ல வேளையாக ஐந்து வாரம் கையிலிருந்தது. ஆனால் ஜூலை 12 அன்று எடை 51. மழை ஓய்ந்ததும் தினமும் நடைப்பயிற்சி, வேளைக்கு வேளை அளந்த தீவனம். குளியலறைத் தராசைப் பட்டிக்குத் தூக்கிப் போய், ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி என் எடையைக் கழித்தோம். அந்த ஒரு மாதத்தில் என் எடையையும் ஊரே தெரிந்துகொண்டது.

ஆகஸ்ட்டில் ஃபேர் தராசு காட்டியது 62.

களத்தில் இரண்டு விதமான போட்டி. ஒன்றில் ஆட்டின் சதைக்கட்டைப் பார்ப்பார்கள், இன்னொன்றில் அதை நடத்திக் காட்டும் பிள்ளையை. முதலாவதில் எங்களுக்குக் கடைசி இடம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஆடு எப்போதும் நடுவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்க வேண்டும். நடுவர் பக்கம் மாறினால், பிள்ளை ஆட்டின் முகத்துக்கு முன்னால் சுற்றி மறுபக்கம் போக வேண்டும், பின்னால் போகக்கூடாது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை ஆட்டின் மார்பில் கொடுத்தால், அது எதிர்த்துத் தள்ளும். அப்போது முதுகும் தொடையும் இறுகித் தெரியும். முறுக்கு தள்ளிய தள்ளில் மகளின் பூட்ஸ் மரத்தூளில் அரையடி வழுக்கியது. கண்ணை மட்டும் அவள் நடுவரைவிட்டு எடுக்கவில்லை. உன் ஆட்டில் எதை மாற்றுவாய் என்று நடுவர் கேட்டார். "இடுப்புச் சதை போதாது. ஜூலையில் புழு வந்தது, இன்னும் சீக்கிரம் இமையைப் பார்த்திருக்கணும்" என்றாள். ஒன்பது பேரில் நான்காவது.

ஏலம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஃபேருக்கு முன்பே பிள்ளைகள் உள்ளூர்க் கடைகளுக்குக் கையால் கடிதம் எழுதி ஏலத்துக்கு அழைப்பது வழக்கம். செய்தி நம் தமிழ் நண்பர்கள் காதுக்கும் எட்ட, ஆறு குடும்பம் சேர்ந்து எடுக்கிறோம், பிரியாணிக்கு ஆச்சு என்று கிளம்பிவிட்டார்கள். மகள் ஒரே பிடியாக நின்றாள். முறுக்கு கறிக்குத்தான் போகிறான் என்பது முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும், அதில் அழுகை இல்லை. "ஆனா நமக்குத் தெரிஞ்சவங்க தட்டுல வேண்டாம்." இதில் என்ன நியாயம் என்று என் கணவர் கேட்டார். எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் கருப்பருக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டும் நாளில் அப்பத்தா அந்தக் கறியை மட்டும் தொடமாட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

நண்பர்களிடம் நான்தான் பேசிச் சமாளித்தேன். ஒருவருக்கு இன்னும் கோபம்தான். கிடாயை ஒரு தீவனக் கடைக்காரர் பவுண்டுக்கு 9 டாலர் என்று எடுத்தார். சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டு வந்தவள், பார்க்கிங் வரை ஒன்றும் பேசவில்லை. கார்க் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

வாங்கியவருக்கு நன்றிக் கடிதம் எழுதிக் காட்டினால்தான் காசோலை கைக்கு வரும். அதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பத்தா கூப்பிட்டார். எடை என்ன, விலை என்ன என்று கேட்டார். 28 கிலோ, 558 டாலர், நம்ம காசுக்கு ஐம்பதாயிரத்தை நெருங்கும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அடுத்த வருசம் ரெண்டா வாங்கிக் கட்டுங்கடி. ஒத்தக் குட்டி சரியாத் திங்காது."